தவக்காலத்தில் ஒரு வல்லூறு

அந்தப் பறவையை ஏன் எடுத்தாய் என்று கேட்ட எல்லோருக்கும் நான் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன். சிறகில் காயம் இருந்தது, அதனால் எடுத்தேன். காயம் இருந்தது உண்மை. அதனால் எடுத்தேன் என்பதுதான் பொய். எனக்கு வேண்டும் என்று எடுத்தேன். நாற்பதைக் கடந்த, வாழ்க்கையின் நல்ல பங்கை வெளிநாட்டில் இன்னொருவர் வீட்டுப் பாத்திரங்களோடு கழித்த, இப்போது மன்னார்த் தீவின் கரையோரக் கிராமமொன்றில் தையல் மெஷினோடு காலம் தள்ளுகிற ஒருத்திக்கு ஒரு வல்லூறு வேண்டியிருந்தது. இதில் யாரும் என்னை மன்னிப்பதற்கு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நான் வேலைசெய்த வளைகுடா நாட்டு வீட்டில் ராஜாளிகள் இருந்தன. அவற்றுக்கென்று குளிரூட்டிய தனி அறை. வரிசையாகக் கட்டைகள், ஒவ்வொரு கட்டையிலும் கண்ணை மூடித் தோல் தொப்பி போட்ட ஒரு பறவை. அந்தக் காலத்தில் ஊரில் எங்கள் வீட்டுக்குக் கூரையே பாதிதான் இருந்தது. அங்கே பறவைக்குக் குளிர்சாதனம். அவற்றுக்குக் காடை வெட்டுவதும் பளிங்குத் தரையில் காய்ந்த எச்சத்தைச் சுரண்டுவதும் என் வேலை. பழக்குவதற்கு வேறொரு நாட்டிலிருந்து வந்த ஒரு மனிதர் இருந்தார். அவர் முற்றத்தில் பறவையைப் பழக்கும்போது நான் சமைக்கிற குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவரிடம் கையுறையைக் கேட்டேன். ஒரு நிமிடம் போட்டுப் பார்க்கத்தான். அவர் சிரித்துவிட்டு, பெண்களின் கையை இந்தப் பறவை நம்பாது என்றார். நம்பாதது பறவையா நீயா என்று கேட்க அப்போது எனக்கு அரபு போதவில்லை. அரபு போதுமான அளவு வந்தபோது அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

ஆனால் கண்ணை யார் மறிக்க முடியும். பறவையை எப்படிப் பிடிப்பது, காலில் வார் எப்படிக் கட்டுவது, நெஞ்செலும்பை விரலால் தடவிப் பசியை எப்படி அறிவது, எல்லாவற்றையும் பார்த்துவைத்துக்கொண்டேன். அதை ஊருக்குக் கொண்டுவந்தேன். நான் கொண்டுவந்த பெட்டிகளைத்தான் சனம் எட்டிப் பார்த்தது. இதை யாரும் கேட்கவில்லை.

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் கழிந்த சில நாட்களில், மின்கம்பிக்கு இடைஞ்சலாக இருந்த கொப்புகளை வெட்ட ஆட்கள் வந்தார்கள். என் வளவுக்கும் தம்பியின் வளவுக்கும் நடுவில் ஒரு பெரிய வேம்பு நிற்கிறது. அதன் உச்சிக் கொப்பொன்று விழுந்தபோது கூடும் சேர்ந்து விழுந்தது. மணலில் மூன்று குஞ்சுகள். ஒன்று விழுந்த இடத்திலேயே செத்துவிட்டது. மேலே தாயும் தகப்பனும் கீச்சிட்டுக்கொண்டு சுற்றின. எங்கள் ஊர்க் காகங்களைச் சொல்லவேண்டியதில்லை. மீன் காயப்போடுகிற ஊர்க் காகம். சாவு வீட்டுக்கு முதலில் வருகிற சொந்தக்காரர்களைப் போல வேலி முழுக்க வந்து குந்திவிட்டன.

தம்பி கடலால் வந்து வலையை உதறிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்துவிட்டு, "பிராந்துக் குஞ்சு அக்கா. விடுங்கோ, காகம் பாத்துக்கொள்ளும்" என்றான். எங்கள் ஊரில் வளைந்த சொண்டுள்ள எல்லாமே பிராந்துதான். நான் போய்ப் பார்த்தேன். வல்லூறு.

உயிரோடிருந்த இரண்டில் ஒன்று சிறியது, ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. மற்றது பெரியது. கத்தவில்லை. நான் குனிந்ததும் மல்லாந்து விழுந்து இரண்டு கால்களையும் எனக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தது. வெள்ளைப் பஞ்சுக்குள் அந்தக் கால் மட்டும் பெரிய ஆளின் கால். நான் அதை எப்படித் தெரிந்தெடுத்தேன் என்றால், கரையில் மீன் தெரிந்தெடுக்கிற மாதிரித்தான். கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தேன். வயிற்றை அமத்திப் பார்த்தேன். கையில் தூக்கிப் பாரம் பார்த்தேன். அந்த வளைகுடா நாட்டில் ராஜாளி வாங்க வந்தவர்கள் தோளையும் வாலையும் அளந்து அத்தர் மணக்கப் பேசுவார்கள். எனக்குத் தெரிந்த அளவை இதுதான். அளவை பிழைக்கவில்லை. வேட்டைப் பறவைகளில் பெண்தான் பெரிது, பெண்ணைத்தான் தேடி எடுப்பார்கள். மனிதர்கள் மட்டும் வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

சிறியதை ஒரு பனையோலைக் கடகத்தில் வைத்து, கொப்பு வெட்டிய பையனைக் கெஞ்சி, மிச்சமிருந்த கவட்டில் கட்டுவித்தேன். பின்னேரமே தாய் வந்து அதற்கு ஓணான் கொடுத்தது. கடகத்தில் இன்னொன்றுக்கும் இடம் இருந்தது. அதை நான் இங்கே எழுதிவைக்கிறேன். பெரியதை என் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

இனித் தவக்காலச் சங்கதி. தம்பியின் மனைவி, என் மச்சாள், நல்ல மனுசி. ஆனால் தவக்காலத்தில் அவளோடு கதைத்து வெல்ல ஆண்டவரே இறங்கி வரவேண்டும். விபூதிப் புதனுக்கு முதல்நாள் இறைச்சிச் சட்டியைக் கழுவி மேல்தட்டில் கவிழ்த்து வைப்பாள். உயிர்ப்புத் திருநாள் பூசை முடிந்துதான் அது நிமிரும். அதுவரை அவள் வீட்டில் மட்டுமல்ல, வளவுக்குள்ளேயே இறைச்சி வரக்கூடாது. என் வளவும் அவள் கணக்கில் அவள் வளவுதான்.

"மச்சாள், இது தவக்காலம். நீங்கள் இந்த வளவுக்குள்ள வைச்சுக் கோழிக் குடல் வெட்டேலாது" என்றாள்.

"அது மீன் தின்னாது."

"மன்னாரில பிறந்திட்டு மீன் தின்னாதோ?"

அதோடு அவள் உள்ளே போய்விட்டாள். நான் வேலிக்கு வெளியே, ஒழுங்கை மண்ணில் ஒரு பலகையைப் போட்டு அங்கே வைத்து வெட்டினேன். ஒழுங்கையால் போன சனம் முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் அங்கே வைத்து வெட்டினேன்.

இறைச்சிக்கு உப்புக்குளத்துக்குப் போவேன். அங்கே கோழிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா ஒருவர் தலையும் கழுத்தும் இதயமும் எனக்கென்று எடுத்து வைப்பார். அந்த வருடம் அவர்களின் ரமழான் நோன்பும் எங்கள் தவக்காலமும் ஒன்றாக வந்திருந்தன. உதடு காய்ந்து நின்றுகொண்டு அவர் வெட்டுவார், வெறும் வயிற்றோடு நின்றுகொண்டு நான் வாங்குவேன். இரண்டு பேரும் சேர்ந்து மூன்றாவது ஒன்றுக்குச் சாப்பாடு கட்டினோம்.

"உங்கட ஆக்கள் இப்ப இறைச்சி தின்னமாட்டாங்களே?" என்று முதல்நாள் கேட்டார்.

"நாங்கள் தின்னேல்லை நானா. அது ஞானஸ்நானம் எடுக்கேல்லை."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு கேள்வி கேட்டதில்லை.

குஞ்சு வளர்ந்தது. பஞ்சு உதிர்ந்து மண்ணிறச் சிறகு முளைத்தது. நெஞ்சில் நீளக் கோடுகள். கண் மெல்ல மெல்ல மஞ்சளானது. சிறகுக் காயம் காய்ந்துவிட்டது. நான் தைக்கும்போது மெஷினுக்கு எதிரே கதிரை முதுகில் குந்தி ஊசி ஏறி இறங்குவதைத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கும். கால்வாருக்கு நல்ல மெல்லிய தோல் வேண்டியிருந்தது. அலுமாரிக்கு அடியில் தம்பியின் கலியாணச் சப்பாத்து கிடந்தது. அவன் அதை ஒருநாள் போட்டதோடு சரி, கடற்காரன் காலில் சப்பாத்து எங்கே நிற்கும். வெட்டித் தைத்தேன். அவனுக்கு அது தெரியவந்தபோது வெட்டுப்பட்ட சப்பாத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "ஒரு சோடிதானே இருந்தது" என்றான்.

பெரிய வியாழனுக்கு முன்னால், அடம்பனில் வயதுக்கு வந்த ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டுக்குத் தைத்த உடுப்புகளைக் கொடுக்கப் போனேன். அங்கே அளவு பிழைத்துவிட்டது, பிள்ளை இடையில் கொழுத்துவிட்டாள். அவர்கள் வீட்டு மெஷினில் இருந்து பிரித்துத் தைத்துக் கொடுத்துவிட்டு வரச் சில நாள் எடுத்தது. புறப்படும்போது இறைச்சியை வெட்டிச் சுற்றி, தம்பி வீட்டு ஐஸ்பெட்டியில் வைத்து, பறவைக்குக் கொடுக்கும்படி மச்சாளிடம் சொல்லியிருந்தேன். அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் நம்பியிருக்கக்கூடாது.

பெரிய வெள்ளி காலையில் வந்து பார்த்தால் பறவை கதிரையில் இல்லை. தரையில் கிடந்தது. தலை பின்பக்கமாக முறுகியிருந்தது. விரல்கள் மடங்கி இறுகிப்போய், நான் விரல் கொடுத்தால் பற்றவும் தெரியவில்லை, விடவும் தெரியவில்லை. நான் போட்ட சத்தத்தில் மச்சாள் ஓடிவந்தாள்.

"என்ன குடுத்தனீங்கள்?"

"மீன்தான் மச்சாள். நல்ல மீன். பிள்ளைகளுக்கு எடுத்து வைக்கிற மீன்."

நான் போன நாளிலிருந்து மீன் மட்டும்தான். அது மட்டுமில்லை. தவக்காலம் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் நான் சந்தைக்குப் போகிற நேரம் பார்த்து என் இறைச்சியை ஒளித்துவிட்டுச் சூடைமீன் கொடுத்திருக்கிறாள். நம் வளவில் வளர்கிற சீவன் வெள்ளிக்கிழமையாவது ஒறுத்தல் செய்யட்டும் என்று. ஒரு வல்லூறை இறைச்சி ஒழித்துச் சுத்தபோசனம் பிடிக்க வைத்த ஒரே பெண் உலகத்தில் என் மச்சாளாகத்தான் இருப்பாள்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். கெடுதல் செய்ய நினைத்திருந்தால் அவள் நல்ல மீன் தெரிந்தெடுத்துக் கொடுத்திருக்கமாட்டாள்.

நான் உடனே உப்புக்குளத்துக்குப் போனேன். பெரிய வெள்ளி. ஊர் முழுக்க வெள்ளையும் கறுப்பும் உடுத்துச் சிலுவைப் பாதைக்குக் கோயிலை நோக்கி நடக்கிறது, நான் எதிர்ப்பக்கமாகச் சைக்கிளை மிதிக்கிறேன். நானா ஜும்மாவுக்குக் கடை பூட்டப்போகிற நேரம். ஈரலும் இதயமும் சுடச்சுட வாங்கிக்கொண்டு அதே வழியால் திரும்பினேன். பை கசிந்து சைக்கிள் கைப்பிடியெல்லாம் இரத்தம். கோயில் வாசலில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி சிலுவை அடையாளம் போட்டாள். நான் வேகத்தைக் குறைக்கவில்லை. இன்றைக்கும் குறைக்கமாட்டேன்.

வேலிக்கு வெளியே வெட்ட நேரமில்லை. நேரே மச்சாளின் குசினிக்குள் போனேன். அவள் பலகையை எடுத்துத் தந்தாள். பறவையைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவளே சொண்டைத் திறந்து பிடித்தாள். நான் ஈரலை நூலளவாகக் கீறிக் கீறி உள்ளே வைத்தேன். கோயிலில் மூன்று மணிப் பாடுகளின் வாசிப்பு ஒலிபெருக்கியில் கேட்கத் தொடங்கியபோதும் நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். நாங்கள் இரண்டு பேரும் அந்த வருடம் கோயிலுக்குப் போகவில்லை.

உயிர்ப்புத் திருநாளன்று விரல்கள் விரிந்தன. அடுத்த கிழமை கதிரை முதுகில் ஏறியது. மச்சாள் அதற்குப் பிறகு அதை "எங்கட பிள்ளை" என்று சொல்லத் தொடங்கினாள். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது.

இனிப் பழக்குவது. கையுறைக்கு, இரும்பு ஒட்டுகிறவர்கள் போடுகிற தடித்த தோல் கையுறையைப் பட்டணத்தில் வாங்கினேன். காலில் கட்டும் கயிற்றுக்குத் தம்பியின் தங்கூசி, மீன்பிடிக்கிற நைலோன் நூல். பறவை பசித்தால்தான் பறக்கும். பசித்தால்தான் கைக்கும் வரும். பழக்குகிற வித்தை முழுக்க இதற்குள் இருக்கிறது. பட்டினி போட்டால் செத்துவிடும், வயிறு நிறைந்தால் உன்னைத் திரும்பியும் பார்க்காது. இரண்டுக்கும் நடுவில் நிற்கவேண்டும். தினமும் விரலால் நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்து அன்றைய சாப்பாட்டை முடிவுசெய்வேன்.

ஊருக்குப் பின்னால் தரவை. மழைக்காலம் போனபின் வெடித்துக் கிடக்கும் வெளி, உடைமரங்கள், கழுதைகள். அங்கே வேலிக்கட்டையில் பறவையை விட்டுவிட்டு, தங்கூசி நீளத்துக்குத் தள்ளிப்போய் நின்று, இடதுகையை நீட்டி நாக்கைத் தட்டிக் கூப்பிடுவேன். முதல்நாள் அது என்னைப் பார்த்தது, வானத்தைப் பார்த்தது, கழுதையைப் பார்த்தது. வரவில்லை. பிறகு ஒருநாள் வந்தது. தாழ்வாக, மண்ணை உரசுகிற மாதிரி வந்து, கடைசி நொடியில் எழும்பி, கையில் தட்டென்று விழுந்தது. அந்தத் தட்டு என் தோள்வரை ஏறியது. நான் சத்தம்போட்டுச் சிரித்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த பிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை என்று தம்பி பிறகு மச்சாளிடம் சொன்னானாம். பெண்ணின் கையை நம்பாது என்ற மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். எனக்கு அவரிடம் சொல்ல ஒரு சங்கதி இருந்தது.

வந்தது வினை. மன்னாருக்குப் பறவை பார்க்க வருகிற கூட்டம் ஒன்று உண்டு. நீளக் குழாய்க் கமராவோடு பட்டணத்திலிருந்து வருவார்கள். அப்படி வந்த ஒருவர் தரவையில் என்னையும் என் கையிலிருந்த வல்லூறையும் படம் பிடித்துச் சிரித்துவிட்டுப் போனார். போய் அதை முகநூலில் போட்டு, காட்டுப் பறவையைச் சிறைப்பிடித்த பெண் என்று எழுதினார். கீழே ஆயிரம் பேர் என்னைத் திட்டினார்கள். வேம்பின் கொப்பு வெட்டுப்பட்ட நாளில் இந்த ஆயிரம் பேரில் ஒருவரையும் நான் என் வளவில் காணவில்லை.

வனசீவராசி அதிகாரி வந்தார். தெற்கிலிருந்து வந்தவர், தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். கையில் ஓட்டை போட்ட பெட்டி ஒன்று இருந்தது. மச்சாள் கதிரை போட்டாள். நான் போடவில்லை.

"அம்மா, இது வீட்டில வளர்க்க ஏலாது. சட்டம்."

"கொப்பை வெட்டினவையின்ர வீட்டுக்கும் போனீங்களோ, சேர்?"

"போன. அவங்களுக்கும் சொன்ன."

அந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் கெட்ட மனிதரில்லை. பறவையைப் பார்த்த பார்வையிலேயே விளங்கியது. மீன் கதையைக் கேட்டுவிட்டு, மீனை மட்டும் கொடுத்தால் இந்தப் பறவைகளுக்கு நரம்பு பழுதாகும் என்றும், ஈரல் கொடுத்ததால்தான் தப்பியது என்றும் சொன்னார். தெற்கே ஒரு நிலையம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் கூட்டில் விடுவோம் என்றார்.

"எவ்வளவு காலத்துக்குக் கூட்டில?"

"கைப் பழக்கம் பிடிச்ச பறவை எண்டா... சில நேரம் கடைசி வரைக்கும்."

"இது தானாய் வேட்டையாடும்." அதுவரை அது எதையும் பிடித்ததை நான் கண்டதில்லை.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு ஒரு வழி சொன்னார். அடுத்த கிழமை மறிச்சுக்கட்டிப் பக்கம் வேலையாக வருவார், திரும்பும்போது இங்கே வருவார். அவருக்கு முன்னால் காலில் எதுவும் இல்லாமல் பறவையை விடவேண்டும். அது தானாக இரை பிடித்தால் காட்டுக்கு உரியது, கொண்டுபோகத் தேவையில்லை. மனிதரின் கைக்கு வந்தால் பெட்டிக்குள் போகும்.

அவர் போனபிறகுதான் எனக்கு முழுதும் உறைத்தது. நான் அதற்குப் பழக்கியது ஒன்றே ஒன்று. என் கைக்கு வருவது. இரை பிடிக்க வேண்டுமென்றால் அதைப் பசியோடு விடவேண்டும். பசியோடு விட்டால் அது முதலில் என்னிடம்தான் வரும்.

அந்தக் கிழமை முழுக்க நான் அதற்குக் கையைக் காட்டவில்லை. இறைச்சியை மரக்கொப்புகளில் செருகிவிட்டுத் தள்ளி நின்றேன். அது இறைச்சியைத் தின்றுவிட்டு என்னைத் தேடிப் பறந்து வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தலைக்கு மேல் சுற்றிவிட்டுக் கூரையில் குந்திக் கத்தியது. ஒருமுறை ஓணான் ஒன்றைப் பிடித்தது. அதையும் என் காலடிக்குக் கொண்டுவந்துதான் தின்றது. எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. பேசாமல் மறைத்துவைத்துவிட்டுப் பறந்துபோய்விட்டது என்று பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். தம்பி அதற்கும் தயார். "தாழ்ப்பாட்டு ஊரில என்ர கூட்டாளி ஒருத்தன் இருக்கிறான். அங்க கொண்டுபோய் வைப்பம் அக்கா" என்றான். சப்பாத்தைப் பறிகொடுத்தவன் சொன்னான். நான் வேண்டாம் என்றேன். ஒளித்து வைத்தால் அது நான் திருடியது என்று ஆகிவிடும். நான் திருடவில்லை.

அதிகாரி சொன்னபடி வந்தார். தரவையில் பாதி ஊர் நின்றது. முதல்நாள் பின்னேரத்திலிருந்து பறவைக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை. நெஞ்செலும்பு விரலில் கூராகப் பட்டது. தையல் கத்தரிக்கோலால் கால்வாரை வெட்டினேன். பெண்பறவையின் மஞ்சள் கால் முதன்முறையாக வெறுமையாக இருந்தது. கையை உயர்த்தினேன். அது உடைமரத்துக்குப் போனது. நான் கையுறையைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போய் வெட்டவெளியில் நின்றேன்.

அது இருந்து பார்த்தது. பிறகு வந்தது. வேறெங்கும் இல்லை, நேரே என் இடதுபக்கத்துக்கு. எத்தனையோ தரம் வந்த அதே வழியால், அதே தாழ்வில். என் கை என்னைக் கேட்காமல் எழும்பப் பார்த்தது. அப்போது பின்னால் வந்து நின்ற மச்சாள் என் மணிக்கட்டைப் பிடித்து முதுகோடு அமத்தினாள். வலிக்கப் பிடித்தாள். பறவை என் தோளருகே சிறகை அடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றது. கையைத் தேடியது. அதன் கண் என்னைத் தேடவில்லை, கையைத்தான் தேடியது என்று என்னிடம் சொல்ல வருகிறவர்கள் அந்தக் கண்ணைப் பார்க்கவில்லை.

"இது உங்கட கைக்கு வருமா?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியாது, சேர்" என்றேன்.

அது விலகிப்போய், மேய்ந்துகொண்டிருந்த கழுதை ஒன்றின் முதுகில் இறங்கி, என்னைப் பார்த்துக் கத்தத் தொடங்கியது. சனம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மச்சாள் என் காதுக்குள், "போ பிள்ளை, போ பிள்ளை" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் எனக்குச் சொல்லவில்லை.

கழுதை முதுகைச் சிலிர்த்துவிட்டு இரண்டு அடி வைத்தது. அதன் குளம்புக்கடியிலிருந்து மண்ணிறக் குருவி ஒன்று விர்ரென்று எழும்பியது. வல்லூறு கத்துவதை நிறுத்தியது. அது எழும்பியதை நான் காணவில்லை. கண்டபோது அது குருவிக்குப் பின்னால் இருந்தது, பிறகு குருவியோடு மண்ணில் இருந்தது. சிறகை விரித்து இரையை மூடிக்கொண்டு ஒவ்வொருவரையும் முறைத்துப் பார்த்தது. என்னையும்தான். மற்றவர்களைப் பார்த்த அதே பார்வை. பிறகு இரையைத் தூக்கிக்கொண்டு உடைமரத்துக்குப் போய்ச் சிறகுகளைப் பிய்த்து எறியத் தொடங்கியது.

அதிகாரி நெடுநேரம் தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லது. காட்டுப் பறவை எண்டு எழுதுறன்" என்றார். வெறும் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். போகும்போது மச்சாள் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

சனம் கலைந்தது. மச்சாள் இப்போதுதான் என் கையை விட்டாள். விரல் அடையாளம் பதிந்திருந்தது. பறவை இன்னும் அதே கொப்பில் சொண்டைத் துடைத்துக்கொண்டிருந்தது. தம்பி கையுறையை என்னிடம் நீட்டினான்.

"இப்ப கூப்பிடுங்கோ அக்கா. ஆள் போயிட்டார்."

கூப்பிட்டால் வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. வயிறு நிறைந்திருந்தது, வராமலும் விட்டிருக்கலாம். ஆனால் நான் அதற்காகப் பேசாமல் நிற்கவில்லை. சட்டத்துக்காகவும் இல்லை, முகநூலில் திட்டியவர்களுக்காகவும் இல்லை. அன்றைக்குக் கடகத்தில் இடமிருந்தும் அதை எடுத்தது என் விருப்பம். அதை விடுவதும் ஒரு அதிகாரியின் எழுத்தாக இல்லாமல் என் விருப்பமாக இருக்கவேண்டும். அவர் போன பிறகுதான் அதைச் செய்ய முடிந்தது. மச்சாள் பிடிக்காமல், ஊர் பார்க்காமல், என் இரண்டு கைகளையும் நானே கட்டிக்கொண்டு அது எழும்பும்வரை நின்றேன். அது தரவைக்கு மேலால் கடல் பக்கமாகப் போனது. நான் அழுதேன். அதையும் மறைக்கப்போவதில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, பெரிய வெள்ளியன்று என்னைப் பார்த்துச் சிலுவை போட்டவள் கோயில் வாசலில் மறித்தாள். முகத்தில் இரக்கம் வழிந்தது.

"அவ்வளவு பாடுபட்டு வளத்தும் பிராந்து உங்களை விட்டிட்டுப் போட்டுதாம்?"

"அது போகேல்லை" என்றேன். "நான்தான் கையை நீட்டேல்லை."